பூசணம் பிடிக்காத பைகள்

"இந்த மலாயாவிலேயே பூசணம் பிடிக்காத தோல் சாமான் எங்கயாவது இருக்குன்னா, அது என் அலமாரியிலதான். சுல்தான் வீட்டு யானைமேல இருக்கிற அம்பாரிகூட பூத்துடும். என் பேக்குங்க பூக்காது. நான் செத்து, என்னை எரிச்சு, சாம்பலைக் கடல்ல கரைச்ச பின்னாலயும் பூக்காது!"

இராஜம்மா சொன்ன இதைப் பிரிக்பீல்ட்ஸில் ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? மழைக்காலம் தொடங்கிவிட்டால் அந்த ஊரில் திங்கட்கிழமை கழற்றிப் போட்ட பூட்ஸ் வியாழக்கிழமை தாடி வளர்த்துக்கொண்டு நிற்கும். சவரம் செய்துதான் காலில் மாட்ட வேண்டும். கோர்ட்டில் நின்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே வக்கீலின் இடுப்பு வாரில் பச்சை துளிர்க்கும். ஒரு ரயில்வே கார்டின் தொப்பியில் முளைத்த காளானைப் பறித்து அவர் மனைவி குழம்பே வைத்துவிட்டாள் என்றும், தலை வியர்வையால் உப்புப் போட வேண்டியிருக்கவில்லை என்றும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், பூட்டிய அலமாரிக்குள், வருஷக்கணக்காக, ஒரு பொட்டுப் பூசணம் இல்லாமல் கைப்பைகள் இருக்கின்றன என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் அவை இருந்தன.

இராஜம்மாவின் கணவர் அய்யாவுக்கு ரயில்வேயில் வேலை. பயணிகள் வண்டியில் விட்டுவிட்டுப் போகும் சாமான்களை வைக்கும் கிடங்குதான் அவர் ராஜ்ஜியம். தேடி வருகிறவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை ஏலம் விடுவார்கள். குடைக்கும் கைத்தடிக்கும் கிராமபோன் பெட்டிக்கும் ஆள் அடித்துக்கொண்டு வரும். பெண்களின் கைப்பையை மட்டும் எந்த ஆண்பிள்ளையும் கை தூக்கிக் கேட்க மாட்டான், வெட்கம். கடைசியில் கூடையோடு சேர்த்து ஏதோ ஒரு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அய்யாவு அதை மனைவிக்கு எடுத்து வருவார். வெள்ளைக்காரத் துரைசானி விட்டுப்போன முதலைத்தோல் பை, நோன்யா என்கிற மலாயாச் சீனப் பெண்களின் மணிவேலைப் பைகள், ஊதா வெல்வெட், பாம்புத்தோல், பிரம்பு, மீன் செதிலைக் கோத்தாற்போன்ற வெள்ளி வலைப் பை ஒன்று. ரயில்வே குவாட்டர்ஸின் பின்னறை நிரம்பியபோது, சீனத் தச்சர் ஒருவரைப் பிடித்துத் தேக்கில் ஓர் அலமாரி செய்து வாங்கினாள், தபாலாபீஸில் கடிதம் பிரித்துப் போடும் பலகையைப் போலச் சிறு சிறு அறைகளாக.

அடுக்குவதில் அவளுக்குச் சட்டம் உண்டு. தோல் பை காற்றுப்படும் மேல்தட்டில். மணிப்பையைத் தொங்கவிடக் கூடாது, நூல் அறுந்துவிடும்; படுக்கவைக்க வேண்டும். உலோகப் பைகள் தனித்தனியே, ஒன்றை ஒன்று கீறாமல். உருக்குலையாமல் இருக்க உள்ளே பழைய செய்தித்தாளைத் திணிக்கலாம், ஆனால் தாளைத் துவைத்த வேட்டித் துணியில் சுற்றித்தான் திணிக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டு உள்துணியில் போன மாதத்து ரப்பர் விலை அச்சாகிவிடும். மூலைக்கு மூலை கிராம்பு, மிளகு முடிச்சு. அடித்தட்டில் ஈரம் குடிக்கத் தகர டப்பாவில் சுண்ணாம்புக்கல். இவ்வளவும் செய்த பிறகு, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கொட்டைப்பாக்கும் ஒரு சிட்டிகை மஞ்சள் அரிசியும். பை வெறுமையாக இருந்தால் வீடும் வெறுமையாகும் என்று அவளுக்கு அச்சம்.

"பூஞ்சணம் பிடிக்கேல்லை எண்டு சொல்லுறீர். சரி. ஏன் எண்டு சொல்லும் பாப்பம்" என்றாள் கனகேஸ்வரி.

கனகேஸ்வரி பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்து அம்மாள், கிளார்க் சிவசம்புவின் மனைவி. தடித்த மூக்குக் கண்ணாடி. மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டி, நனைந்த கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியையும் துடைத்து இன்னொரு தரம் பார்த்துத்தான் நம்புவாள்.

"சுண்ணாம்புக்கல்லு இருக்கில்ல?"

"சுண்ணாம்பு என்ர வீட்டிலையும் இருக்கு. என்ர மனுசன்ர சப்பாத்து பச்சைப் புல்லுத் தரையாக் கிடக்கு." முதலைத்தோல் பையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிடியை மூக்கருகே கொண்டுபோனாள். "கையிலை புழங்கிற சாமானுக்குத்தான் பூஞ்சணம் பிடியாது, ராஜம்மா. அதுதான் சயன்ஸ். நீர் பூட்டி வச்ச சாமானை ஆர் புழங்கினம்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! நானே அவசியமில்லாம தொடறதில்ல, வியர்வைக் கறை ஆயிடும்னு."

"இன்னொண்டு. பொம்பிளை குடையை மறப்பாள். சோத்துக் கூடையை மறப்பாள். புருசனைக்கூட விட்டிட்டு இறங்கிப் போவாள். கைப்பையை விட்டால் மட்டும் அடுத்த ஸ்டேசனிலையே குழறிக்கொண்டு திரும்பி வருவாள். இவ்வளவு பேரும் ஏன் தேடி வரேல்லை?"

"ஏன்?"

"வர ஏலாமல் போயிருக்கும்."

சொல்லிவிட்டுக் கனகேஸ்வரி கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும்வரை சிரித்தாள். இராஜம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே முதலைத்தோல் பையை வாங்கி அதன் அறையில் வைத்தவள், உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பையின் பிடி வெதுவெதுப்பாக இருந்தது. கனகேஸ்வரியின் கைச்சூடுதான். அவள் பிடித்தது ஒரு முனையை. சூடு மறு முனையில் இருந்தது. அதை இராஜம்மா யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. மகள் லெட்சுமிக்கு வளைகாப்பு நிச்சயமாகியிருந்தது.

லெட்சுமியைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்திருந்தது. இரண்டு கர்ப்பம் கரைந்து, மூன்றாவது இப்போதுதான் ஏழாம் மாதம் எட்டியிருந்தது. முதல் இரண்டும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. அதனால் இந்த வளைகாப்புக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சுமங்கலி பாக்கியில்லாமல் வந்து, வளையல் பூட்டி, வயிறு குளிர வாழ்த்த வேண்டும் என்று இராஜம்மா தீர்மானித்திருந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் அரிசியோடு வீடு வீடாக ஏறி அழைத்தாள். மாரியம்மனே எதிரே வந்திருந்தாலும் அவள் கையிலும் வெற்றிலையைத் திணித்துவிட்டுத்தான் நகர்ந்திருப்பாள்.

அழைத்து முடித்தபோது இரண்டு கட்டு வெற்றிலை மிஞ்சியது. அழைப்புக்கென்று எடுத்த வெற்றிலையைக் குப்பையில் போடலாமா? சுபகாரிய வீட்டில் பைகள் வெறும் பாக்கோடு இருக்கலாமா? அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு பையாக எடுத்து, வாயைத் திறந்து, காம்பு கிள்ளிய வெற்றிலையை இரண்டிரண்டாக உள்ளே வைத்தாள். கைப்பழக்கம். அன்று காலையிலிருந்து அத்தனை வீட்டு வாசலிலும் சொன்ன சொல் நாக்கிலேயே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பைக்கும் அதையே முணுமுணுத்தாள்.

"மகளுக்கு வளைகாப்பு. அவசியம் வந்துடணும்."

வெள்ளி வலைப் பையைக் கனகேஸ்வரி இரவல் கேட்டிருந்தாள், கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோக. அதையும் வெற்றிலையோடு அவள் கையில் கொடுத்தாள். "உங்களுக்கும் இதேதான் அழைப்பு, ஈஸ்வரியக்கா. உள்ள வச்சிருக்கேன்."

அந்த வாரம் முழுக்க மழை. லெட்சுமி வந்து சேர்ந்தாள். கால்கள் வீங்கி, முகம் மட்டும் விளக்கேற்றினாற்போல. வளைகாப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் படுத்துத் தூங்கியபோது, கிராம்பு முடிச்சு மாற்றலாம் என்று இராஜம்மா பின்னறைக்குப் போனாள்.

அலமாரியைத் திறந்ததும் வந்த வாடை கிராம்பு வாடை இல்லை. முகப்பவுடர், நிலக்கரிப் புகை, நனைந்த கம்பளி, யாரோ கூந்தலில் தேய்த்த வாசனைத் தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றங்கரைச் சேறு. ஜன்னல் சாத்திய மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மழைநாளில் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எழும்புமே, அந்த மூச்சுமுட்டும் வாடை. பைகள் வைத்தது வைத்தபடி வரிசையாக இருந்தன. தோல் மினுங்கியது. அவள் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

முதலைத்தோல் பையைத் திறந்தாள். திணித்த துணி இருந்தது. வெற்றிலை இல்லை. பாக்கு இல்லை. மஞ்சள் அரிசியில் ஒரு மணிகூட இல்லை.

ஊதா வெல்வெட்டைத் திறந்தாள். இல்லை.

பாம்புத்தோல். இல்லை. பிரம்பு. இல்லை. மணிவேலைப் பைகள் ஒவ்வொன்றின் சுருக்குக் கயிற்றையும் அவிழ்த்துப் பார்த்தாள். அவளுக்குப் பழக்கமான தன்னுடைய முடிச்சு எதிலும் இல்லை. எல்லாவற்றிலும் வேறு வேறு கைகள் போட்ட, வேறு வேறு முடிச்சு.

பின்கட்டுக்கு ஓடி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான பலகைச் சுவரைத் தட்டினாள்.

"எலி" என்றாள் கனகேஸ்வரி.

"எலி பேக்கைத் திறந்து, தின்னுட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போகுமாக்கா?"

"கெட்டிக்கார எலி. இங்கிலீஸ் எலியாயிருக்கும்."

"வெத்தலைய எடுத்துக்கிட்டா என்னக்கா அர்த்தம்? வரேன்னுதானே அர்த்தம்?"

சுவருக்கு அப்பால் சிரிப்பு. "உமக்கு விசர். போய்ப் படும். நாளைக்கு வேலை கிடக்கு."

"என் வெள்ளிப் பேக்கு?"

சிரிப்பு சட்டென்று நின்றது. "அது என்ர அலுமாரியிலை பத்திரமாக் கிடக்கு" என்றாள் கனகேஸ்வரி.

விடிந்தபோது விடியவே இல்லை. வானத்தைக் கறுப்புக் கம்பளியால் மூடி மேலே உட்கார்ந்துகொண்டாற்போல இருட்டு. கிள்ளான் ஆறு கரையைத் தாண்டி, தண்டவாளத்தை மூழ்கடித்து, தெருவில் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு வாத்துக் கூட்டம் சாலையில் நீந்தியபடி வீட்டு இலக்கம் படித்துக்கொண்டு போயிற்று. அய்யாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிடங்குச் சாமானைப் பரண் ஏற்ற ஓடிவிட்டார். செந்தூலிலிருந்து வரவேண்டியவர்கள் வரவில்லை. எதிர்வரிசைப் பெண்கள் ஜன்னலிலிருந்து கையை விரித்துக் காட்டினார்கள். கூடத்தில் விரித்த பாய்கள் காலியாக, கூடைக் கூடையாய்க் கண்ணாடி வளையல்கள், கட்டுச்சோறு ஆறிப்போய், குத்துவிளக்கு மட்டும் ஈரக்காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இராஜம்மா சுவரைத் தட்டினாள். "ஈஸ்வரியக்கா! நல்ல நேரம் போகுது. நீங்களாவது வாங்க!"

"பின்பக்கம் தண்ணி வந்திட்டுது. அரிசி மூட்டையைத் தூக்கி வச்சிட்டு வாறன். நீர் துவங்கும்!"

லெட்சுமியை மணையில் கிழக்கு முகமாக உட்கார வைத்தாள். முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் காப்பாகக் கட்டினாள். நெற்றியிலும் கன்னத்திலும் சந்தனம் பூசினாள்.

"கண்ணை மூடிக்கோம்மா. பன்னீர் தெளிக்கிறேன், எரியும்."

"யாருமே வரல, இல்லம்மா?" கண்ணை மூடியபடி லெட்சுமி கேட்டாள். "மூணாவதும் இப்படித்தான் ஆகும்னு இருக்கோ என்னவோ."

"வாயக் கழுவு! வருவாங்க. அழைச்சவங்க எல்லாரும் வருவாங்க. நான் ஆலாத்தித் தட்டை எடுத்தாறேன்."

சொன்ன சொல் முடியவில்லை. பின்னறையிலிருந்து ஒரு சத்தம்.

டக்.

கைப்பையின் வாய்க்கொளுவி திறக்கும் சத்தம். அவளுக்குத் தெரியாதா? முதலைத்தோல் பையின் கொளுவி அது. விரலைக் கடிக்கும் முரட்டுக் கொளுவி. அதன் பின்னே மெல்லியதாக இன்னொன்று. டிக். பிறகு பாம்புத்தோல். பிறகு பிரம்பின் மரக்கொக்கி. பிறகு மணிப்பைகளின் கயிறு உருவும் சரசரப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஸ்டேஷன் வந்துவிட்டதென்று ஒரு பெட்டி நிறையப் பெண்கள் ஒரே சமயத்தில் பயணச்சீட்டைத் தேடுவதைப் போல.

நடைவழியில் நின்றாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. அலமாரியின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. பைகள் அவற்றின் அறைகளிலேயே இருந்தன. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு.

அந்த வாடை அவளைக் கடந்து போனது. இடித்துக்கொண்டு. ஒரு தோளில், மறு தோளில், சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, நெரிசலில் மன்னிப்புக் கேட்காமல் போகும் கூட்டத்தைப் போல. சில்லென்று. ஈரமாக. கூடத்தை நோக்கி.

கூடத்தில் பாய் சரசரத்தது.

திரும்பினாள். பாயில் பள்ளங்கள். உட்கார்ந்தால் விழும் பள்ளங்கள். ஒன்று. அதன் பக்கத்தில் ஒன்று. அகலமாக, ஒடுக்கமாக, ஒருக்களித்து, சம்மணமிட்டு. பாய் நிறைய. சுவர் ஓரம்வரை. யாரும் இல்லை. விளக்குச் சுடர் மட்டும் குனிந்து குனிந்து நிமிர்ந்தது, பலர் அதைத் தாண்டித் தாண்டிப் போவதுபோல.

"மெதுவாம்மா" என்றாள் லெட்சுமி, கண் திறவாமல். "உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

இராஜம்மா கூடத்தின் இந்தக் கோடியில் நின்றாள். மகள் அந்தக் கோடியில்.

லெட்சுமியின் வலது மணிக்கட்டில் ஒரு பச்சை வளையல் ஏறியது. கலீர். அடுத்து ஒரு சிவப்பு. இடது கையில் இரண்டு. கன்னத்தில் சந்தனம் இழுபட்டது, தடித்த விரல்கள். அதன்மேல் மெலிந்த விரல்கள். அதன்மேல் ஒரு விரல் குறைந்த கை. வளையல்கள் மணிக்கட்டைத் தாண்டின. முன்கையைத் தாண்டின. முழங்கையை நெருக்கின.

"போதும்மா. கை கனக்குது." சிரித்தாள் லெட்சுமி. பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா... வலிக்குது. கழட்டேன்."

பிள்ளை பிறக்கும்வரை வளைகாப்பு வளையலைக் கழற்றுவது வழக்கமில்லை. பூட்டியவர்கள் சும்மா எழுந்து போவதும் வழக்கமில்லை. அழைத்த வீட்டுக்காரி வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால்தான் சுமங்கலிகள் வாசல் இறங்குவார்கள். கொடுக்காவிட்டால்? உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்கும். பிரசவ நாளிலும். பிள்ளை தலை வெளியே வரும்போது முதலில் ஏந்துவது யார் கை?

ஓடினாள். வெற்றிலைத் தட்டை ஒரு கையில் அணைத்து, மறு கையில் அள்ளிய பைகளோடு வந்தாள். முதலைத்தோல் பைக்குள் வெற்றிலையை வைத்து, கொளுவியை மூடி, முதல் பள்ளத்துக்கு முன்னே இரண்டு கையாலும் வைத்தாள்.

"போயிட்டு வாங்க" என்றது நாக்கு.

பள்ளம் எழும்பத் தொடங்கி, பாதியில் நின்றது. காத்திருந்தது. நிஜமாகவா என்று கேட்பதுபோல.

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து எந்த விருந்தாளியையும் வெறுமனே 'போ' என்று சொன்னதில்லை அவள். வாயை இரண்டு கையாலும் பொத்தி, தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம். வர வேண்டாம். முகத்தைத் திருப்பினாள். பின்னால், டக். மெல்லிய தோல் சத்தம். திரும்பிப் பார்த்தபோது பை இல்லை. பாய் நிமிர்ந்திருந்தது.

அடுத்தது. பேசாமல் வைத்தாள். முகத்தைத் திருப்பினாள். டிக். அடுத்தது. ஊதா வெல்வெட். எத்தனை நாள் பிரஷ் போட்டு நீவிய வெல்வெட்! போகட்டும். பாம்புத்தோல். போகட்டும். பிரம்பு. மணிப்பைகள், ஒவ்வொன்றாய், அன்னம் போட்டது, ரோஜாப் போட்டது, உலகத்திலேயே இதுபோல இரண்டாவது இல்லை என்று பாசார்க் கடைத்தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டது. போகட்டும். எல்லாம் போகட்டும். லெட்சுமியின் கை மேல் ஒவ்வொரு வளையலாய் நெகிழ்ந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. மூச்சு சீராயிற்று. கூடத்தில் வாடை குறைந்தது. பவுடர் போயிற்று. கம்பளி போயிற்று. தைலம் போயிற்று.

சேற்று வாடை போகவில்லை.

அலமாரி காலி. பாயில் ஒரே ஒரு பள்ளம். லெட்சுமியின் பக்கத்தில். தொடையோடு தொடை ஒட்டி.

பின்னறைக்கு ஓடி, காலி அறைகளை இராஜம்மா திரும்பத் திரும்பத் தடவினாள். சுண்ணாம்பு டப்பாவுக்குப் பின்னால், மூலையில், தரையில். பிறகு நினைவு வந்தது.

வெள்ளி வலை.

"ஈஸ்வரியக்கா!"

பின்கதவு தள்ளப்பட்டது. இடுப்புவரை நனைந்து கனகேஸ்வரி வந்தாள். கண்ணாடியில் மழைத்துளி. "கத்தாதையும், வந்திட்டன். எங்கை உம்மட சனம்? ஒருத்தரும் வரேல்லையே?"

"வந்தாங்கக்கா. வந்துட்டுப் போயிட்டாங்க. பேக்க எடுத்துக்கிட்டு. எல்லாரும்."

"ஆர்?"

"பேக்குக்காரிங்க."

"ஐயோ, பிள்ளைக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு இதென்ன விசர்க் கதை..."

"என் வெள்ளிப் பேக்கைக் குடுங்க. உடனே. அது ஒண்ணுதான் பாக்கி."

"பின்னேரம் கொண்டுவந்து தாறன்."

"இப்பவே குடுங்கக்கா! கைய எடுத்துக் கும்பிடறேன். என் பிள்ளைக்கு இது மூணாவது!"

கனகேஸ்வரி வாயைத் திறந்தாள். ஏதோ கேலிதான் சொல்ல வந்திருப்பாள். அப்போது சந்தனக் கிண்ணம் பாயில் மெல்ல நகர்ந்தது. கிண்ணத்துச் சந்தனத்தில் நான்கு குழிகள் விழுந்தன. விரல் நுனி அளவு. பக்கத்தில் ஐந்தாவது.

கனகேஸ்வரி அதைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். ஈரச் சேலையிலேயே துடைத்தாள். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"பேக் என்னட்டை இல்லை, ராஜம்மா." குரல் அவளுடையதாக இல்லை. "அலுமாரியிலை கிடக்கெண்டு பொய் சொன்னனான். கிள்ளானிலை இருந்து வரேக்கை கோச்சியிலை விட்டிட்டன். இறங்கி வீட்டுக்கு வந்தாப்பிறகுதான் தெரியும். ஸ்டேசனிலை கேட்டனான். ஒருத்தரும் கொண்டுவந்து குடுக்கேல்லை. இப்ப ஆற்ர கையிலை இருக்கோ..."

இராஜம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லெட்சுமியின் சேலை மடிப்பு வயிற்றின் மேல் சற்றே விலகியது. கவனமாக. தாய்மாதிரி. விலகிய இடத்தில், வட்ட வயிற்றின் உச்சியில், ஐந்து விரல் சந்தனம் பதிந்தது. பதிந்தபடியே இருந்தது. அதன் அடியில் குழந்தை புரண்டது. விரல்களும் கூடவே புரண்டன.

லெட்சுமி சுகமாகப் பெருமூச்சு விட்டு, கண்ணைத் திறக்காமல் பக்கத்தில் தலை சாய்த்தாள். காற்றில் சாய்ந்த தலை கீழே விழவில்லை. ஒரு தோள் உயரத்தில் நின்றது.

"எல்லாரும் போயிட்டாங்களாம்மா?"

கனகேஸ்வரிதான் பதில் சொன்னாள். வாழ்நாளில் எதையும் நம்பாத கனகேஸ்வரி.

"இல்லைப் பிள்ளை. ஓராள் இருக்கிறா."